பேச்சிகாட்டு நிழல்

உசிலாங்குறிச்சிக்கு மேற்கே, நாலுவழிச் சாலையில், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் மர நிழல் விழத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அந்த இடத்தில் அப்போது ஒரு நினைவேந்தல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாம் செத்தவரை விட்டுவிட்டுத் தங்களைப் பற்றியே பேசுகிறார்களே என்ற கவலையில், டவுன் வாசகர் வட்டத்துச் செயலாளர் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

செத்தவர் பேராசிரியர் குலசேகரநாதன். முப்பத்தொரு புத்தகம் எழுதியவர். பழம்பாட்டில் வருகிற பூக்களைப் பற்றி எழுதினார், ஆட்டுக்கு வயிறு ஊதினால் எந்தத் தழையை அரைத்துக் கொடுப்பது என்று எழுதினார், மழை கேட்டுப் பெண்கள் பாடுகிற பாட்டை எழுதினார், எந்தச் சாமிக்கு எந்த மரம் என்று எழுதினார், குளத்து நண்டு எந்த மாசம் கரையேறும் என்றும் எழுதினார்; பாட்டும் பயிரும் சாமியும் சனமும் ஒரே மண்ணில் முளைத்தவை, ஒன்றைப் பிடுங்கினால் எல்லாம் சாயும் என்று மேடைக்கு மேடை சொன்னார். அத்தனைக்கும் முதல் புத்தகம், அவரைப் பெரிய ஆளாக்கிய புத்தகம், இந்தப் பேச்சிகாட்டைப் பற்றியது. அறுபத்துநாலு மரம் நின்ற கோயில்காடு. பதினைந்து வருசத்துக்கு முன்னால் சாலை வந்தபோது ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அறுத்து, காட்டுக்குள் கிடந்த பாழுங்கிணற்றை மண்ணள்ளிப் போட்டு மூடி, பேச்சியம்மனுக்கு மட்டும் சாலையோரம் ஒரு சிமெண்டு மேடை கட்டி வெயிலில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். அந்த மேடைக்குப் பக்கத்தில்தான் கூட்டம்.

செயலாளர் கடைசியில் பொறுமை இழந்து, பேசியது போதும், ஐயாவின் எழுத்தையே கேட்போம் என்று சொல்லி, ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வள்ளிமயிலைக் கூப்பிட்டார். நாற்பத்தைந்து வயசு, கல்யாணம் ஆகாதவள், கறாரான பேச்சு. நூலகத்துப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டதால் தன் அம்மாவின் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துவந்த முதல் புத்தகத்தைப் பிரித்து அவள் வாசிக்க ஆரம்பித்தாள். உசில் ஒன்று, வடக்கே சாய்ந்தது. வன்னி மூன்று, ஒரே தூரில் கிளைத்தவை. உகா ஒன்று, அடியில் பொந்துடையது. இப்படி அவள் ஒவ்வொரு மரமாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் நிழலும் தார்ச்சாலையில் வந்து விழுந்தது. முதல் நிழல் செயலாளரின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. பந்தல்துணி நகர்ந்துவிட்டது என்று நினைத்து அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அறுபத்துநாலாவது மரமான நெட்டை இலுப்பையை அவள் வாசித்து முடித்தபோது, சாலையின் நாலு வழியிலும் காடு கிடந்தது.

யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. வெயிலில் வெந்துகொண்டிருந்தவனுக்கு நிழல் கிடைத்தால் எங்கிருந்து வந்தாய் என்று அதைக் கேட்கவா தோன்றும்? எல்லாரும் அவரவர் நாற்காலியைத் தூக்கி நிழலுக்குள் போட்டுக்கொண்டார்கள். காற்றும் குளுகுளுவென்று வந்தது. கூட்டம் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நடந்தது, செயலாளர் மணியே பார்க்கவில்லை.

நிழலை எப்படி வைத்துப் பிழைப்பது என்பதை ஊர் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. ஒருநாள் வாசிக்காவிட்டால் துவைத்துத் துவைத்து இற்றுப்போன சீலையைப் போல நிழல் நைந்துபோகிறது, ரெண்டு பக்கம் வாசித்துவிட்டால் பழையபடி கெட்டியாகிறது என்று கண்டுபிடித்து, கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு முறை வைப்பதுபோல வாசிப்புக்கும் முறை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகு ஒரு சினிமா போஸ்டரைத் தவிர வேறெதையும் படித்தறியாத ஆம்பளைகள், விடிந்ததும் பல்லை விளக்கிவிட்டுப் பேச்சி மேடைக்கு முன்னால் நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பேராசிரியரின் புத்தகத்தை வாசித்தார்கள். கொம்பையா தன் டீக்கடையை வன்னி நிழலுக்கு மாற்றிக்கொண்டார். லாரிக்காரர்கள் உகா நிழலில் வண்டியை நிறுத்திச் சமைத்தார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் டேப்போடு வந்து நிழலை அளந்தார்கள். அதை எந்தப் படிவத்தில் ஏற்றுவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள். வத்தல் காயப்போடுகிற பெண்கள்தான், போயும் போயும் சித்திரை வெயிலைக் கெடுத்துவிட்டதே இந்தச் சனியன் என்று திட்டிக்கொண்டு, காட்டின் விளிம்பு எதுவரை என்று பார்த்து அதற்கு அந்தப் பக்கம் பாயை விரித்தார்கள். ஆடுகள் இலை நிழலைத் தாரில் நக்கிப் பார்த்து ஏமாந்தன.

ஒரு சங்கதி மட்டும் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. உச்சி வெயிலில் மனுசன், மாடு, மின்கம்பம் எல்லாவற்றின் நிழலும் காலடியில் சுருங்கிக் கிடக்கும்போது இந்த நிழல் சுருங்கவில்லை. அது தன் பாட்டுக்கு வேறொரு வெயிலில், வேறொரு நாளில் நீண்டு கிடந்தது. காற்றே இல்லாதபோது ஆடியது. அதற்குள் பறவை நிழல்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போயின, சத்தமில்லாமல். அந்த நேரத்தில் பொம்பளைகள் அங்கே போக வேண்டாம், பேச்சி உலாத்துகிற நேரம் என்று ஆம்பளைகள் சொல்லிவைத்தார்கள். வள்ளிமயிலிடம் அதை ஊரே சொன்னது, பார்க்கிறபோதெல்லாம் சொன்னது. காலையில் வந்து வாசி தாயி, உன் குரலுக்குத்தான் நிழல் கறுப்பாக விழுகிறது, மத்தியானம் மட்டும் வந்துவிடாதே என்று கொம்பையா டீயை ஆற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லுவார்.

அவளுக்கு மத்தியானம் வேறு தலைவலி இருந்தது. வீட்டில் அம்மா சந்தனமாரி, அப்பா வரப்போகிறார் என்று உட்கார்ந்திருந்தாள்.

அதைச் சொல்லவேண்டும். நாற்பது வருசத்துக்கு முன்னால், வள்ளிமயிலுக்கு அஞ்சு வயசாக இருக்கையில், ஒரு குடையும் தோள்பையுமாகப் பேராசிரியர் முதல்முதலாக ஊருக்கு வந்தார். அப்போது அவர் இளவட்டம். பழைய பாட்டு ஒன்றில் ஒரு பூவின் பெயர் வருகிறது, அது என்ன பூ என்று நாட்டில் யாருக்கும் தெரியவில்லை, அதைத் தேடி வந்திருக்கிறேன் என்றார். ஊர் அவரை ஊர்க்காவலனிடம் அனுப்பியது. ஊர்க்காவலன், வள்ளிமயிலின் அப்பா, ஆடு மேய்ப்பவர். காட்டில் அவருக்குத் தெரியாத தழையும் இல்லை, அவர் வாயைத் திறந்தால் மூடுவதும் இல்லை. பத்து நாள் ரெண்டு பேரும் பேச்சிகாட்டுக்குள் போனார்கள், வந்தார்கள். ஒருவர் பேசிக்கொண்டே முன்னால், ஒருவர் எழுதிக்கொண்டே பின்னால். பதினொன்றாம் நாள் சாயங்காலம் பேராசிரியர் மட்டும் வந்தார். ஊர்க்காவலனை என்னோடு வேலைக்கு வைத்துக்கொண்டேன், மலைநாட்டுப் பக்கம் போயிருக்கிறான், வர நாளாகும் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

நாள் ஆனது, மாசம் ஆனது, வருசங்கள் ஆயின. ஊர் பலவிதமாகப் பேசியது, வேறொருத்தியோடு போய்விட்டான் என்றும் பேசியது. அப்புறம் ஒரு தை மாதம் தபாலில் முதல் புத்தகம் வந்தது. சந்தனமாரிக்கு எழுத்துத் தெரியாது. வள்ளிமயிலை வாசிக்கச் சொன்னாள். அவள் வாசிக்க வாசிக்கச் சந்தனமாரியின் முகம் மலர்ந்துவிட்டது. ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் இருந்தது முழுக்க அவள் புருசனின் பேச்சு. உகாப்பழம் தின்ற ஆட்டின் பாலில் என்ன வாடை வரும் என்பதை அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே இருந்தது. வன்னிமரத்தைப் பற்றி அவர் அடிக்கிற கேலிகூட அப்படியே இருந்தது. வருசத்துக்கு ஒரு புத்தகமாக முப்பத்தொரு தையிலும் தபால் வந்தது, எல்லாவற்றிலும் அவர் பேசிக்கொண்டிருந்தார். பேசுகிற மனுசன் எப்படிச் செத்திருப்பான்? உங்கப்பா அந்த ஐயா வீட்டில்தான் இருக்கிறாக, அவுக சொல்லச் சொல்ல அவரு எழுதுதாரு என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். பாட்டுகளைப் பற்றிய புத்தகத்தில் வள்ளிமயிலைத் தூங்கவைக்க அவர் பாடிய தாலாட்டு இருந்தது. அது நமக்கு எழுதின கடுதாசி என்றாள். நெற்றியில் குங்குமம் குறையவில்லை. வள்ளிமயிலைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் எல்லாம், அவுக வரட்டும், அவுக கையால் பிடித்துக் கொடுக்கட்டும் என்றே சொல்லிச் சொல்லி அனுப்பிவிட்டாள். வந்தவர்களும் எத்தனை நாள்தான் வருவார்கள்? வள்ளிமயிலுக்கு அந்த ஆத்திரம் உண்டு. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

இப்போது அந்த ஐயா செத்துவிட்டார். எழுத ஆள் இல்லை, இனி அங்கே இவருக்கு என்ன வேலை, கிளம்பி வந்துவிடுவார் என்று சந்தனமாரி வீட்டுக்கு வெள்ளையடித்தாள், கயிற்றுக்கட்டிலை இறுக்கிக் கட்டினாள், ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. முறைக்கு வாசிக்கவேண்டிய தையல்காரர் சாத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்கு நிழல் நைந்து, தார் தெரியத் தொடங்கிவிட்டது என்று ஒரு லாரிக்காரர் வந்து நூலகத்தம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். வெளியூர்க்காரர், பாவம், அவருக்கு மத்தியானச் சங்கதி தெரியாது. வள்ளிமயில் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவளைக் கண்டதும் டீக்கடையில் பேச்சு நின்றது. கொம்பையா எழுந்து, நீ போ தாயி, நான் கூட்டிக் குறைத்து வாசித்துக்கொள்கிறேன் என்று புத்தகத்துக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பூவைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்தாள். நெட்டை இலுப்பையின் உச்சியில் ஒட்டி வளரும் அந்தச் செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும் என்பதையும், காக்காப்பொட்டு என்று இவ்வூரார் அதை அழைப்பதையும், பாட்டில் வரும் பூ அதுவே என்பதையும் நான் கண்டறிந்தேன், அதைக் கையிலேந்திப் பார்த்தபோது நண்பகல் என்று வாசித்து முடித்தபோது, நண்பகல்தான்.

கிழக்கே, காட்டின் விளிம்பிலிருந்து, ரெண்டு ஆள் நிழல்கள் உள்ளே வந்தன.

பின்னால் வந்தது குடை பிடித்திருந்தது, தோளில் பை தொங்கியது. முன்னால் வந்தது தலைப்பாகை கட்டியிருந்தது, அதன் ஒரு முனை சேவல் கொண்டைபோலத் துருத்தி நின்றது, இடது கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி வந்தது. அப்பாவின் முகம் வள்ளிமயிலுக்கு மறந்துபோயிருந்தது. அந்த நடை மறக்கவில்லை. எழுதியதை மட்டும் கொண்டுவரப் புத்தகத்துக்குத் தெரியவில்லை போல; பேராசிரியர் பார்த்த அன்றைக்குக் காடு எப்படி இருந்ததோ அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தது. இலுப்பையின் அடியில் ரெண்டு நிழலும் நின்றன. குடை நிழல் கையை உயர்த்தி மேலே காட்டியது. கொண்டை நிழல் தலையை ஆட்டியது, காலைத் தொட்டுக் காட்டியது. குடை நிழல் மறுபடி காட்டியது. கொண்டை நிழல் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. தார்ச்சாலையில் படுத்துக் கிடந்த அந்த மரத்தின் நீளத்துக்கு அது ஏறி, உச்சிக்குப் போய், எதையோ பறித்துக் கீழே போட்டது. குடை நிழல் ஓடிப்போய் அதை எடுத்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது, இதழை எண்ணியது. அது எண்ணிக்கொண்டிருக்கையில் கொண்டை நிழல் விழுந்தது.

சத்தமே இல்லை. டீக்கடையில் ஒருவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்தான் கேட்டது. குடை நிழல் ரொம்ப நேரம் நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு, கிடந்ததை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. டீக்கடைப் பெஞ்சு வழியாக, பெஞ்சில் இருந்தவர்களின் காலடி வழியாக இழுத்துக்கொண்டு, கிணறு இருந்த இடத்தில் வட்டமாகக் கிடந்த நிழலுக்குள் அதைத் தள்ளியது. அப்புறம் குடையை விரித்துக்கொண்டு கிழக்கே தனியாகப் போனது. பூவை மறக்காமல் எடுத்துக்கொண்டது.

கொம்பையா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் ஊர்க்காவலனும் ஒரே பட்டியில் ஆடு அடைத்தவர்கள். முதல் வாரமே தெரிந்துவிட்டது தாயி என்றார். ஊரில் எல்லாருக்கும் தெரியும், மைனிக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியாது, எந்த வாயால் சொல்ல என்றார். போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தார்களாம். நிழலை எந்தப் பிரிவில் எழுதுவான், எழுதினாலும் யாரைப் பிடிப்பான் என்று விட்டுவிட்டார்களாம். நிழலும் சுகமாக இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. வள்ளிமயிலே சொன்னாள், முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாள் தவித்துவிட்டு, மூன்றாம் நாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளின் எதிரில் உட்கார்ந்து மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சந்தனமாரி கல் பொறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். அப்படின்னா இத்தனை பொஸ்தகத்திலும் பேசுனது யாரு என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தப் பத்து நாளில் அப்பா பேசியதையெல்லாம் அந்த ஆள் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, நாற்பது வருசமாக அதைப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார் என்றாள் மகள். புத்தகத்தை எதற்காக வருசாவருசம் அனுப்பினார் என்று அவளுக்கும் தெரியவில்லை. பாவத்துக்குப் பயந்தா, இல்லை இவர்கள் வாயை மூடவா? சந்தனமாரி முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, நாளைக்கு நான் பார்க்கணும் என்றாள்.

மறுநாள் உச்சிவெயிலில் அவள் வந்து பேச்சி மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். வள்ளிமயில் வாசித்தாள். எல்லாம் முன்பு நடந்தபடியே நடந்தது. கொண்டை நிழல் விழுந்தபோது சந்தனமாரி அசையவில்லை. அதை இழுத்துக்கொண்டு டீக்கடை வழியாகப் போகையில்தான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினைந்து இருபது பேரும் ஒருசேரக் காலைத் தூக்கிக்கொண்டதை அவள் பார்த்தாள். யாரும் யாரையும் பார்த்துத் தூக்கவில்லை. தினமும் தூக்கிப் பழகிய கால்கள் அவை. கையில் டீயும் தளும்பவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நின்றபடியே, முந்தானையைக்கூட வாயில் வைக்காமல், ஓங்கி அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"நாளைக்கு அவரைக் கிணத்துக்குப் போகவிடாதிய. எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் ஊர் கூடிப் பேசியது. நிழலை எப்படித் தூக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. தூக்கினால் மிச்ச நிழலும் போய்விடுமே என்றுதான் கேட்டார்கள். கோடை முழுசாகக் கிடக்கிறது என்றார்கள், லாரிகள் இப்போதுதான் நின்று போகின்றன என்றார்கள், அவன் போய் நாற்பது வருசம் ஆயிற்று, இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தால் என்ன என்றும் ஒருவர் சொன்னார், சொன்னவுடன் தன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பேச்சுக்கு நடுவில் கொம்பையா எழுந்து போய்விட்டார். எங்கே போனார் என்று பார்த்தால், தன் டீக்கடைக் கூரையிலிருந்து பச்சை மூங்கில் ரெண்டை உருவிப்போட்டு, தென்னங்கீற்றை முடைந்து பாடை கட்டிக்கொண்டிருந்தார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

மறுநாள் மத்தியானம் நாலு வழியிலும் வண்டிகளை நிறுத்தினார்கள். ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் லாரியும் காரும் நின்றன. ஒருவரும் ஆரன் அடிக்கவில்லை. இலுப்பை நிழலின் அடியில், தினமும் அவர் விழுகிற இடத்தைத் தெரிந்தவர்கள் காட்ட, அங்கே பாடையை வைத்து, சந்தனமாரி கொடுத்த வெள்ளை வேட்டியை அதன்மேல் விரித்தார்கள். வள்ளிமயில் வாசித்தாள். தன் அப்பாவைக் கொல்லப்போகிற அந்தப் பக்கத்தை, ஒரு சொல் விடாமல் வாசித்தாள். நிழல்கள் வந்தன, நின்றன. ஒன்று ஏறியது, ஒன்று இதழை எண்ணியது. கொண்டை நிழல் வேட்டியின்மேல் வந்து விழுந்தது. குடை நிழல் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கொம்பையாவும் இன்னும் மூன்று பேரும் பாடையைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள்.

நாலு பேரின் தோளும் அமுங்கியது. உழைத்துக் காய்ந்த ஓர் ஆம்பளையின் கனம் அதில் இருந்தது என்று கொம்பையா பிற்பாடு சொன்னார். வேட்டியில் நிழல் அப்படியே படிந்திருந்தது, தலைப்பாகைக் கொண்டையும் தாங்கிய காலுமாக. பின்னால் குடை நிழல் குனிந்து, வெறும் தாரில் ரெண்டு கையாலும் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு முதலில் கொண்டுபோனார்கள். வெள்ளையடித்த வீட்டில், இறுக்கிக் கட்டிய கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கியபோது, சந்தனமாரி "வாங்க" என்றாள். கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பிடித்துவிட்டாள். குங்குமத்தை அவளே அழித்தாள், வேறு யாரையும் தொடவிடவில்லை. மகன் இல்லாத வீடு, வள்ளிமயிலே கொள்ளிக்குடம் சுமந்தாள். அதற்கு யாராவது ஒரு சொல் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாள், ஒருவரும் சொல்லவில்லை. ஊரே சுடுகாட்டுக்கு வந்தது. வேட்டி எரிந்த புகையில் உகாப்பழ வாடை வந்தது என்று வயசானவர்கள் சொன்னார்கள்.

குளித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது சாலையில் காடு இல்லை. டீக்கடை வெயிலில் நின்றது. மறுநாள் காலையில் முறைக்காரர் ரெண்டு பக்கம் வாசித்தார், பத்துப் பக்கம் வாசித்தார். முப்பத்தொரு புத்தகத்தையும் எல்லாரும் பங்குபோட்டு வாசித்துப் பார்த்தார்கள். தொண்டைதான் கட்டியது. ஓர் இலை நிழல்கூட விழவில்லை. வத்தல் போடுகிறவர்கள் பாயைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். கொம்பையா கடைக்கு முன்னால் கோணிப்பையைத் தைத்துத் தொங்கவிட்டார். வள்ளிமயில் நூலகப் பதிவேட்டை எடுத்து, முப்பத்தொரு புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் பேராசிரியரை அடித்துவிட்டு ஊர்க்காவலன் என்று எழுதினாள். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி அதைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் உச்சி நேரத்தில், யாரும் வாசிக்காமலே, குடை நிழல் மட்டும் வருகிறது. கிழக்கேயிருந்து தனியாக வருகிறது. அறுபத்துநாலு மரமும் இல்லாத அந்த வெட்டவெளியில், இல்லாத மரங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து நடக்கிறது, நிற்கிறது, நோட்டை விரிக்கிறது, பக்கத்தில் யாரிடமோ கேட்பதுபோலத் திரும்புகிறது, காத்திருக்கிறது, நோட்டை மூடுகிறது. அக்கினி நட்சத்திரத்தில் மைல் கணக்கான அந்தச் சாலையில் கிடக்கிற ஒரே நிழல் அதுதான். அதில் ஒதுங்க ஒருவரும் போவதில்லை. ஆடுகள்கூடச் சுற்றிக்கொண்டு போகின்றன.

வைகாசியில் ஒருநாள் வள்ளிமயில் நூலகத்தைப் பூட்டிவிட்டு அந்த வழியாக வந்தாள். பேச்சி மேடைக்கு அருகில், சாலைக்காரர்கள் அறுத்தும் சாகாமல் தூரிலிருந்து புதுசாகத் துளிர்த்திருந்த ஒரு முழ உயரக் கன்றின் முன்னால் குடை நிழல் குனிந்து நின்றிருந்தது. அவள் வந்ததும் நிமிர்ந்தது. நோட்டை விரித்தது. கன்றைச் சுட்டிக் காட்டிவிட்டு அவளைப் பார்த்துத் திரும்பி, எழுதுகிற கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அது என்ன மரம் என்று அவளுக்குத் தெரியும், அதன் காய் எதற்கு ஆகும், அதில் எந்தக் குருவி அடையும் என்பதெல்லாம் தெரியும். பையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், வெயிலிலேயே நடந்து வீட்டுக்குப் போனாள்.